வீட்டு கேக் தொழிலில் வாடிக்கையாளர் புகார் வந்தால்: ஆர்டர் எடுப்பது முதல் கணக்கு முடிப்பது வரை

மதுரையில் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கத் தொடங்குகிறவர்கள், ஸ்பாஞ்ச் மென்மையாக வருவதற்கும் கிரீம் நிமிர்ந்து நிற்பதற்கும் தேவையான பயிற்சியோடுதான் வருகிறார்கள். விற்ற கேக்கைப் பற்றி ஒருவர் குறை சொன்னால் என்ன பேசுவது, எவ்வளவு பணம் திருப்பித் தருவது, எங்கே உறுதியாக நிற்பது என்பதைப் பயிற்சி வகுப்புகளில் யாரும் சொல்லித் தருவதில்லை. முதல் ஆறு மாதத்தில் தொழிலை விட்டுவிடத் தோன்றுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புடவையோ மிக்ஸியோ சரியில்லை என்றால் மறுநாள் மாற்றித் தரலாம். பிறந்தநாள் கேக்குக்கு மறுநாள் கிடையாது. ஆகவே புகார்களை அவை வரும் நேரத்தை வைத்து இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. கேக் வெட்டுவதற்கு முன் வரும் புகாரில் அந்த விழாவைக் காப்பாற்றுவது மட்டுமே உங்கள் வேலை. தவறு யாருடையது என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. வெட்டி முடித்தபின் வரும் புகாரில்தான் நியாயமும் பணமும் பேசப்பட வேண்டும். இந்த வரிசையை மாற்றிச் செய்கிறவர்கள்தான் இரண்டிலும் தோற்கிறார்கள்.

ஆர்டர் எடுக்கும்போதே

புகார்களில் பெரும்பகுதி அடுப்பில் பிறப்பதில்லை, தொலைபேசிப் பேச்சில் பிறக்கிறது. "ஒரு கிலோ சாக்லேட் கேக், சனிக்கிழமை சாயங்காலம்" என்று ஒருவர் சொல்லி, நீங்கள் சரி என்று சொன்னால், அந்த ஒரு வாக்கியத்தை இருவரும் இரண்டு விதமாகப் புரிந்துகொண்டிருக்கலாம். எனவே எந்த ஆர்டராக இருந்தாலும், வாயால் பேசி முடித்தவுடன் அதை எழுத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்ற பதிலை வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் செய்தி ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"ஒரு கிலோ சாக்லேட் கேக், முட்டை சேர்க்காதது. வெளியே வெளிர்நீலக் கிரீம். மேலே எழுத வேண்டிய பெயரை நீங்களே தட்டச்சு செய்து அனுப்புங்கள். சனிக்கிழமை மாலை 5 மணிக்கு நீங்களே வந்து வாங்கிக்கொள்கிறீர்கள். அட்வான்ஸ் பாதி வந்துவிட்டது, மீதி வாங்கும்போது. மாற்றம் ஏதாவது இருந்தால் வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்குள் சொல்லுங்கள். அதற்குப் பிறகு ஸ்பாஞ்ச் ஓவனில் ஏறிவிடும்."

பெயரை அவர்களே தட்டச்சு செய்ய வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருங்கள். கார்த்திக், ஸ்ரீநிதி போன்ற பெயர்களை ஆங்கில எழுத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறார்கள். காதால் கேட்டு எழுதிய பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் அந்தக் குழந்தையின் தாய்க்கு அது பெரிய விஷயம். அவர் கோபப்படுவதில் நியாயமும் இருக்கிறது.

எடையைப் பற்றியும் முன்பே சொல்லிவிட வேண்டும். ஒரு கிலோ என்பது கிரீமும் அலங்காரமும் சேர்ந்து முடிந்த கேக்கின் எடை என்பதையும், அடியில் இருக்கும் போர்டு அதில் சேராது என்பதையும் தெளிவாகக் கூறுங்கள். 80 கிராம் துண்டாக வெட்டினால் ஒரு கிலோவில் 12 துண்டுகள் கிடைக்கும். 20 பேர் வருகிறார்கள் என்று அவர்கள் சொல்லும்போதே ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வேண்டும் என்று சொல்லிவிட்டால், "கேக் பத்தவே இல்லை" என்ற குறை பிறகு வராது.

இணையத்தில் எடுத்த படத்தை அனுப்பி "இதே மாதிரி வேண்டும்" என்பார்கள். அந்தப் படத்தில் இருப்பது குளிர்நாட்டில் பட்டர்கிரீமில் செய்த கேக்காகவோ பாண்டண்ட் எனும் சர்க்கரைப் போர்வை போர்த்திய கேக்காகவோ இருக்கும். இவர்கள் கேட்கும் விலையோ சாதாரண விப்பிங் கிரீம் கேக்கின் விலை. அப்போதே, எது அப்படியே வரும், எது மாறும் என்பதை இரண்டு வரியில் எழுதி அனுப்புங்கள். கடும் சிவப்பும் கறுப்பும் வேண்டும் என்பவர்களிடம், அந்த நிறத்துக்கு நிறமி அதிகம் சேர்க்க வேண்டியிருக்கும் என்பதையும், அதனால் லேசான கசப்பு வரலாம் என்பதையும், நாக்கிலும் உடையிலும் நிறம் ஒட்டும் என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது.

முட்டை பற்றிய கேள்வியைக் கேட்காமல் எந்த ஆர்டரையும் எடுக்காதீர்கள். மதுரையில் சைவக் குடும்பங்கள் மட்டுமல்லாமல், கார்த்திகையில் மாலை போட்டவர்களும், வெள்ளி, செவ்வாய் மட்டும் அசைவம் தவிர்ப்பவர்களும் முட்டையில்லாத கேக் கேட்பார்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழான விதிகளும் முட்டை சேர்ந்த உணவை அசைவமாகவே வகைப்படுத்துகின்றன. உங்கள் சமையலறையில் முட்டை புழங்குகிறது என்றால், மாவும் கிரீமும் அடிக்கும் அதே பீட்டரும் அதே பாத்திரமும் பயன்படுமா, தனியாக வைத்திருக்கிறீர்களா என்பதை உள்ளபடி சொல்லுங்கள். முட்டையோடு மட்டும் இது முடிவதில்லை. மார்ஷ்மெல்லோவிலும் சில வகை மேற்பூச்சுகளிலும் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். கிறிஸ்துமஸ் பிளம் கேக்கில் பழங்களை ரம்மிலோ ஒயினிலோ ஊறவைத்திருக்கலாம். சைவர்களுக்கு ஜெலட்டினும், இஸ்லாமியக் குடும்பங்களுக்கு இரண்டுமே முக்கியமான விஷயம். டப்பாவின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். வேர்க்கடலை, முந்திரி, பால், கோதுமை, சோயா ஆகியவற்றில் யாருக்காவது ஒவ்வாமை உண்டா என்ற கேள்வியையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

செய்யும்போது இரண்டு பழக்கங்கள்

ஸ்பாஞ்சின் மேடான மேற்பகுதியைச் சமமாகச் சீவி எடுப்போம் அல்லவா? அந்தச் சீவலை வீட்டுப் பிள்ளைகளிடம் மொத்தமாகக் கொடுத்துவிடாமல், உள்ளங்கை அளவு துண்டு ஒன்றை, அதே கேக்கில் பூசிய கிரீம் ஒரு கரண்டியோடு, மூடியுள்ள சிறு டப்பாவில் போட்டு, தேதியும் வாடிக்கையாளர் பெயரும் எழுதிய தாளை ஒட்டி, ஃபிரிட்ஜில் மூன்று நாள் வைத்திருங்கள். "கேக் புளிச்சுப் போயிருந்தது" என்று மறுநாள் ஒருவர் சொன்னால், வாதம் செய்யாமல் டப்பாவைத் திறந்து பார்க்கலாம். அதுவும் புளித்திருந்தால் தவறு உங்களுடையது, அங்கேயே பேச்சு முடிந்தது. அது நன்றாக இருந்தால், கேக் உங்கள் வீட்டை விட்டுப் போனபின் எப்படி வைக்கப்பட்டது என்று பொறுமையாகக் கேட்க உங்களுக்கு ஓர் ஆதாரம் இருக்கிறது.

இரண்டாவது, முடிந்த கேக்கைத் தராசில் வைத்து, எடை காட்டும் எண் தெரியும்படி ஒரு படம். பெட்டியில் வைத்தபின் மேலிருந்து ஒரு படம். போர்டின் எடையை முன்பே கழித்திருக்க வேண்டும்.

கைமாறும் நேரம்

பெட்டியை மூடிய நிலையில் கொடுக்காதீர்கள். திறந்து காட்டி, பெயரைப் படிக்கச் சொல்லி, அவர்கள் தலையசைத்தபின் மூடிக் கொடுங்கள். அதே நேரத்தில் எப்படி வைக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். பெட்டியின் மேல் ஒட்டும் சிறு தாளிலும் அது இருக்கட்டும். கிரீம் கேக்கை 5 டிகிரிக்குக் கீழ் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், வெளியே எடுத்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெண்ணெய் சேர்ந்த கேக்கை வெட்டுவதற்கு அரை மணி முன்பே வெளியே எடுத்து வைக்க வேண்டும்.

சித்திரை, வைகாசியில் நம் ஊரில் பகல் வெயில் 40 டிகிரியை எட்டுவது சாதாரணம். வெண்ணெயோ 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். மதியம் ஒரு மணிக்கு இருசக்கர வாகனத்தில் மேலூருக்கோ உசிலம்பட்டிக்கோ பட்டர்கிரீம் கேக் கொண்டுபோகிறேன் என்பவரிடம் கேக்கைக் கொடுப்பது, புகாரை நீங்களே பெட்டியில் வைத்துக் கட்டிக் கொடுப்பதற்குச் சமம். காலையிலேயே வந்து வாங்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஏசி உள்ள காரில் வரச் சொல்லுங்கள். இரண்டும் முடியாது என்றால் அந்த வகைக் கேக்கை மாற்றச் சொல்லுங்கள். அவர்களே அனுப்பும் பார்சல் வண்டி ஓட்டுநரிடம் கொடுத்தால், பெட்டி உங்கள் வாசலைத் தாண்டியபின் பொறுப்பு யாருடையது என்பது ஆர்டர் செய்தியிலேயே இருக்க வேண்டும்.

நீங்களே கொண்டுபோய்க் கொடுப்பதாக இருந்தால் ஊர் நிலவரம் தெரிந்து நேரம் சொல்லுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளிலும் அதற்கு முந்தைய எதிர்சேவை நாளிலும் தல்லாகுளம், கோரிப்பாளையம், யானைக்கல் பக்கம் போக்குவரத்தை மாற்றி விட்டிருப்பார்கள். அந்த நாட்களில் வைகையின் இந்தக் கரையில் இருந்துகொண்டு அந்தக் கரைக்கு மணிக்கணக்கு சொல்லி டெலிவரி ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான ஆலோசனை.

வெட்டுவதற்கு முன் வரும் அழைப்பு

"அக்கா, பெட்டியைத் திறந்தா கேக் ஒரு பக்கமாச் சாய்ஞ்சு கிடக்கு. ஏழு மணிக்கு எல்லாரும் வந்துடுவாங்க."

இந்த அழைப்புக்கு, "நான் கொடுக்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு?" என்று பதில் சொல்லக் கூடாது. அது உண்மையாகவே இருக்கலாம், உங்களிடம் படமும் இருக்கலாம். இருந்தாலும் அந்த நேரத்தில் அது தேவையற்ற பேச்சு. மூன்றே கேள்விகள் கேளுங்கள்: இப்போது எப்படி இருக்கிறது, ஒரு படம் அனுப்ப முடியுமா? எத்தனை மணிக்கு வெட்டுகிறீர்கள்? வீடு எங்கே இருக்கிறது?

வீடு பக்கத்தில் என்றால், அதாவது நீங்கள் அண்ணா நகரில், அவர்கள் கே.கே. நகரில் என்றால், கிரீம் நிரப்பிய பையும் தட்டைக் கத்தியும் எடுத்துக்கொண்டு போய்ச் சரிசெய்துவிட்டு வாருங்கள். இதற்காகவே விப் செய்த வெள்ளைக் கிரீம் கொஞ்சம் ஃபிரிட்ஜில் எப்போதும் இருக்கட்டும். திருமங்கலம், வாடிப்பட்டி என்று தூரமாக இருந்தால், தொலைபேசியிலேயே வழி சொல்லுங்கள்: முதலில் கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லி, இறுகியபின் சுடுநீரில் நனைத்துத் துடைத்த கத்தியால் பக்கத்தைத் தடவிச் சமன்செய்யச் சொல்லி, விரிசல் தெரியும் இடத்தில் செர்ரியோ சாக்லேட் துருவலோ வைக்கச் சொல்லலாம். பெயர் மட்டும் தவறு என்றால், அந்த எழுத்துகளைச் சுரண்டி எடுத்துவிட்டு, எழுத்துச் சாக்லேட்டோ கேக்கின் மேல் குத்தி வைக்கும் அட்டை டாப்பரோ வைத்து மறைக்கலாம். டாப்பரை நீங்களே வாங்கி அனுப்பிவிடுங்கள்.

எதுவுமே சரிவராத நிலையும் உண்டு. அப்போது அவர்கள் வீட்டுக்கு அருகிலுள்ள பேக்கரியில் கிடைக்கும் கேக்கை வாங்கிக்கொள்ளச் சொல்லி, அதற்கான பணத்தை உடனே ஜிபேயில் அனுப்புங்கள். யார் தவறு என்று தெரிவதற்கு முன்பே பணம் அனுப்புவதா என்று கேட்பீர்கள். வீட்டில் விருந்தினர் உட்கார்ந்திருக்க, மேசையில் கேக் இல்லாமல் நிற்கும் ஒருவருக்கு அந்த நேரத்தில் கிடைக்கும் உதவியின் மதிப்பு அந்தத் தொகையைவிடப் பல மடங்கு அதிகம். கணக்கை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

வெட்டியபின் வரும் புகார்

இங்கே முதல் வேலை, குறை சொல்கிறவர் முழுவதும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்பது. எழுத்தில் வந்த புகாரானால், பதில் எழுதிக்கொண்டிருக்காமல் தொலைபேசியில் கூப்பிடுங்கள். குரலில் இருக்கும் பணிவு எழுத்தில் தெரிவதில்லை. பேசி முடித்தபின், முடிவானதை மட்டும் எழுத்தில் அனுப்புங்கள்.

அடுத்து, அவர்கள் சொல்லும் சொல்லிலிருந்து காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். "கல்லு மாதிரி இருந்துச்சு" என்றால், வெண்ணெய் கேக்கை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே வெட்டியிருக்கலாம்; எத்தனை மணிக்கு வெளியே எடுத்தீர்கள் என்று கேளுங்கள். "ரப்பர் மாதிரி" என்றால் மைதா சேர்த்தபின் மாவை அளவுக்கு மேல் அடித்திருக்கிறீர்கள், அது உங்கள் பிழை. "முட்டைக் கவுச்சி" என்றால் எசன்ஸ் குறைந்திருக்கும், அல்லது முட்டை புதிதாக இருந்திருக்காது. சோப்புச் சுவை என்றால் சோடா உப்பு கூடிவிட்டது. நடுவில் பிசுபிசுப்பாக இருந்தது என்றால் வேகவில்லை; குச்சி விட்டுப் பார்த்த இடம் ஓரமாக இருந்திருக்கும். பாண்டண்ட் வியர்த்து நிறம் வழிந்தது என்றால், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் காற்றில் வைத்ததும் ஈரம் படிந்திருக்கிறது. அதை முன்பே எச்சரித்தீர்களா என்பதைப் பொறுத்துத்தான் பொறுப்பு யாருடையது என்பது அமையும்.

எவ்வளவு பணம் என்ற கேள்விக்கு நான் பரிந்துரைக்கும் வழி, பிழை யார் கையில் இருந்தபோது நடந்தது என்று பார்ப்பது. முட்டையில்லாதது என்று சொல்லி முட்டை சேர்ந்துவிட்டால், கேக் எவ்வளவு சுவையாக இருந்தாலும், ஒரு துண்டுகூட மிஞ்சாமல் சாப்பிட்டிருந்தாலும், முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்து, நேரில் சென்று மன்னிப்புக் கேட்க வேண்டும். அது ஒருவருடைய நோன்பையும் நம்பிக்கையையும் தொட்ட விஷயம்; அதில் பேரம் பேசுவது தகாது. வேகாத கேக்குக்கும் கெட்டுப்போன கிரீமுக்கும், விழா முடிந்தபின் போய்ச் சேர்ந்த டெலிவரிக்கும் முழுப் பணம். எடை குறைந்திருந்தால், குறைந்த எடைக்கான தொகையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள். பெயர்ப் பிழை, அலங்காரக் குறை போன்றவற்றுக்கு விலையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை நியாயமாக இருக்கும். நிறம் படத்தைவிடச் சற்று வெளிறியிருந்தது, அதையும் நீங்கள் எழுத்தில் சொல்லியிருந்தீர்கள் என்றால், பணம் தர வேண்டியதில்லை. அந்தச் செய்தியை மரியாதையாக நினைவூட்டினால் போதும். அவர்கள் வண்டியில் போகும்போது வேகத்தடையில் குலுங்கிச் சாய்ந்த கேக்குக்கும் அப்படியே. அடுத்த ஆர்டரில் தள்ளுபடி என்று சொல்லிச் சமாளிப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். உங்கள் மேல் கோபமாக இருக்கும் ஒருவரிடம் மறுபடியும் உங்களிடமே வாங்கச் சொல்வது, பணம் தர மனமில்லை என்பதாகத்தான் அவர் காதில் விழும்.

தர முடிவு செய்த பணத்தை அன்றே அனுப்பிவிடுங்கள்.

உடம்புக்கு ஆகவில்லை என்றால்

கேக் சாப்பிட்டுக் குழந்தைக்கு வாந்தி என்று ஒருவர் சொன்னால், முதலில் கேட்க வேண்டியது குழந்தை இப்போது எப்படி இருக்கிறது, மருத்துவரிடம் காட்டினீர்களா என்பதுதான். கேக்கால் இருக்காது என்றும் சொல்லாதீர்கள், எங்கள் கேக்கால்தான் என்றும் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டுமே உங்களுக்கு இன்னும் தெரியாது. அதே தொகுதியில் செய்த கேக்கை வாங்கிய மற்றவர்களை உடனே அழைத்து விசாரியுங்கள், அதில் மீதி இருப்பதை விற்காமல் நிறுத்துங்கள், எடுத்துவைத்த மாதிரித் துண்டைத் தூக்கி எறியாமல் பத்திரப்படுத்துங்கள். கிரீம், முட்டை, பால் வாங்கிய ரசீதுகளையும் எடுத்து வையுங்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலர் விசாரிக்க வந்தால் இவை அனைத்தும் தேவைப்படும். ஒவ்வாமை பற்றி ஆர்டரின்போதே கேட்டு வாங்கிய பதிலும் அப்போது கைகொடுக்கும்.

ரத்து, பாக்கி, ஏமாற்று

ரத்து செய்தால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்பது முதல் செய்தியிலேயே இருக்க வேண்டும். பொருள் வாங்குவதற்கு முன் ரத்தானால் முழுதும் திருப்பித் தருவதும், ஓவனில் ஏறியபின் ரத்தானால் தராமல் இருப்பதும் நியாயம். அவர்கள் வீட்டில் துக்கம் நேர்ந்து விழா நின்றுபோனால், விதியைப் பார்க்காமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பணம் அனுப்பியதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிக் கேக்கைக் கொடுக்கக் கூடாது. உங்கள் வங்கிக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பெரிய ஆர்டர் கொடுப்பதாகச் சொல்லி, "இந்தக் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் உங்களுக்குப் பணம் வரும்" என்றோ, "தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டேன், மீதியை அனுப்புங்கள்" என்றோ வரும் அழைப்புகள் மோசடி. பணம் பெறுவதற்கு ரகசிய எண் போட வேண்டிய அவசியமே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

பாக்கித் தொகை பெரும்பாலும் தெரிந்தவர்களிடம்தான் நிற்கும். பக்கத்து வீட்டு அத்தை, கணவருடைய அலுவலக நண்பர், பிள்ளையின் பள்ளித் தோழியின் அம்மா ஆகியோரிடம் "அப்புறம் வாங்கிக்கிறேன்" என்று விட்டுவிட்டு மனத்துக்குள் புழுங்காதீர்கள். உறவினருக்குத் தள்ளுபடி கொடுக்கலாம். ஆனால் எழுத்தில் உறுதிசெய்வதும் அட்வான்ஸ் வாங்குவதும் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும்.

பேச்சு முற்றினால்

இணையத்தில் மோசமான விமர்சனம் எழுதினால், அதன் கீழே ஒரே ஒரு பதில் போதும்: என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், மேலும் பேச எப்படித் தொடர்புகொள்ளலாம் என்பது மட்டும். வாடிக்கையாளரின் முகவரியையோ அவருடன் நடந்த உரையாடலையோ அங்கே வெளியிடாதீர்கள்.

வீட்டில் செய்வதால் சட்டம் நம்மைத் தொடாது என்று எண்ண வேண்டாம். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டுத் தயாரிப்பாளரும் பதிவு செய்ய வேண்டும்; கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பெட்டியிலும் ரசீதிலும் போடுங்கள். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாடிக்கையாளர் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் செய்யலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாக இருந்தால் அவருக்கு நீதிமன்றக் கட்டணமும் இல்லை. அறிவிப்பு ஏதாவது வந்தால் பயந்து ஒதுக்கி வைக்காமல், குறிப்பிட்ட நாளுக்குள், ஆர்டர் செய்தியும் படங்களும் பணம் திருப்பியனுப்பிய விவரமும் இணைத்து எழுத்தில் பதில் கொடுங்கள். சமரசத்துக்கும் அந்தச் சட்டத்திலேயே இடம் உண்டு. கேக் விலை அளவிலான வழக்குகளுக்கு அதுவே இரு தரப்புக்கும் நேரம் மிச்சப்படுத்தும் வழி.

எவ்வளவு செய்தாலும் ஒவ்வொரு முறையும் பாதிக் கேக்கைச் சாப்பிட்டுவிட்டு முழுப் பணத்தைக் கேட்கிறவர் ஒருவராவது வருவார். முதல் முறை கொடுத்துவிடுங்கள். இரண்டாம் முறை சரியான தொகையை மட்டும் கொடுங்கள். மூன்றாவது ஆர்டர் வரும்போது, "அந்தத் தேதியில் வேறு வேலை ஒப்புக்கொண்டிருக்கிறேன், மன்னிக்கணும்ங்க" என்று சொல்லி விலகிக்கொள்ளுங்கள்.